மறுமணம் மருந்தல்ல

விவாகரத்தான ஆணுக்கு உடனே மறுமணம் செய்துவைத்தால் துக்கம் தீரும், பழைய உறவுகளை அறுத்துவிட வேண்டும் என்று சிலர் வாதிடுகிறார்கள். இரண்டும் தவறு.

ஆறாத புண்மேல் பட்டுவேட்டி கட்டுவதால் புண் ஆறாது. அழுது தீர்க்காத துயரம் குடியாகவும் கோபமாகவும் புது மனைவியின் தலையில்தான் விடியும். அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?

மணமுறிவு கணவன் மனைவிக்குத்தான். தகப்பனுக்கும் பிள்ளைக்கும் அல்ல. 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, தீர்ப்புக்குப் பிறகும் பிள்ளைகளின் பொறுப்பு, பராமரிப்பு, படிப்பு பற்றி நீதிமன்றம் ஆணையிடலாம் என்கிறது. முடிந்தவரை அவர்கள் விருப்பத்தையும் கேட்கச் சொல்கிறது. சட்டமே அறுக்காத உறவை அறுக்கச் சொல்ல நாம் யார்?

பிள்ளையைப் பார்க்கும் நாளைத் தவறவிடாமல் இருப்பது, அதன் தாயைப் பற்றி அதனிடம் குறை பேசாமல் இருப்பது, பராமரிப்புத் தொகையைக் கேட்குமுன் அனுப்புவது: உறவு இப்படித்தான் ஒட்டும்.

உறவினர்களே, விவாகரத்தானவருக்குப் பெண் பார்ப்பதை நிறுத்துங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசவிடுங்கள். தாங்க முடியாமல் தவித்தால், அரசின் 14416 மனநல உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.