மலையடியில் மறைந்த நஞ்சு

புதைத்தவர் மறைந்து போவார். புதைத்த நஞ்சோ புதைத்த இடத்திலேயே காத்திருக்கும். கண்டி மாநகரைச் சூழ்ந்த தேயிலை மலைகளை எண்ணும்போது இவ்வுண்மை எமது நெஞ்சை உறுத்துகின்றது.

பூச்சிகொல்லிகளால் இந்நாடு நன்மையே பெறவில்லை என்று நாம் கூறவில்லை. 1934-35ஆம் ஆண்டுகளில் மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.ரி. தெளிக்கப்பட்டதன் பயனாக, 1963ஆம் ஆண்டில் நோயாளர் தொகை வெறும் 17 ஆகக் குறைந்தது. அந்த வெற்றியே மயக்கத்தையும் தந்தது. 1950களில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்கவென்று டீல்டிரின் தெளித்தார்கள். இலைச்சுருட்டுப் புழுவை அடக்குவதற்காக 1930களில் ஜாவாவிலிருந்து கொணரப்பட்ட குளவியினத்தை அம்மருந்து மாய்த்தது. புழு பல்கிப் பெருகியது. கள்வனை அடிக்க ஓங்கிய தடி காவற்காரன் தலையில் விழுந்த கதை இது.

டி.டி.ரி.யும் டீல்டிரினும் பின்னர் விலக்கப்பட்டன. ஆனால், தடைச் சட்டம் விற்பனையை நிறுத்துமேயன்றி, விற்று முடிந்ததை மீட்டுத் தராது. மிஞ்சிய மருந்தையும் வெற்றுத் தகரங்களையும் குழிதோண்டிப் புதைப்பதே அந்நாளில் உலகெங்கும் வழக்கமாயிருந்தது. இவ்வகை நஞ்சுகள் மண்துகளைப் பற்றிக்கொண்டு பல பத்தாண்டுகள் அழியாதிருப்பவை. உடற் கொழுப்பிற் சேர்ந்து தாய்ப்பாலிலும் கலப்பவை. நீரில் எளிதிற் கரையும் பிற மருந்துகளோ நிலத்தடி நீரை நேரே சென்றடைகின்றன. சமவெளியில் ஒரு குழி ஓரளவு அடங்கிக் கிடக்கலாம். சரிந்த மலையில் அது அடங்காது. 2025 நவம்பரில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்தில் மலைகள் சரிந்ததைக் கண்டோம். மலை சரிந்தால் அதிலுள்ள புதைகுழியும் சரியாதோ?

மலையடியில் வாழ்பவர் யார்? லயங்களில் வாழும் தொழிலாளர். அவர்கள் குடிப்பது எதனை? மலையூற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரை. அந்நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், நஞ்சு சாகாது. இதனை அவர்களுக்கு எடுத்துரைப்போர் எத்தனை பேர்?

இது தோட்டத்தோடு நின்றுவிடும் துன்பமுமன்று. இம்மலைகளின் ஓடைகள் மகாவலியில் விழுகின்றன. கண்டி நகரின் குப்பை குவியும் கொஹாகொடை மேட்டின் கழிவுநீரும் அந்த ஆற்றையே சேர்கின்றது. பொல்கொல்லையில் 1976 முதல் அந்நீரின் ஒரு பகுதி வடமத்திய வயல்களுக்குத் திருப்பப்படுகின்றது. எஞ்சியது கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கின்றது. கண்டியின் மண்ணைக் காப்பது மூதூர் உழவனுக்கும் உரிய காரியமே.

பொறுப்பு யாருடையது என்று கேட்டால், ஒருவர் மற்றவரைச் சுட்டுவர். தோட்டங்களை ஆண்ட ஆங்கிலக் கம்பனிகள் 1975ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தத்தோடு அகன்றன. அரசாங்கம் ஏற்றது, 1992இல் பெரும்பாலான தோட்டங்களின் முகாமையைக் கம்பனிகளிடம் கொடுத்தது, கண்டிப் பகுதியிற் சிலவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. தோட்டம் கைமாறும்போது ஆதாயம் கைமாறுகின்றது. நஞ்சு மட்டும் எவர் கணக்கிலும் ஏறாதிருப்பது என்ன நியாயம்?

அறிவுக்கும் இங்கே பஞ்சமில்லை. பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் கெட்டம்பையில் இருக்கின்றது. விவசாயத் திணைக்களமும் பல்கலைக்கழகமும் பேராதனையில் இருக்கின்றன. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஹந்தானையில் இருக்கின்றது. பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1980இலேயே நிறைவேறிற்று. நிலைத்து நிற்கும் நஞ்சுகள் பற்றிய ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையை 2005இல் இலங்கை உறுதிப்படுத்தியது. பழைய இருப்புகளைத் தேடிக் கண்டறிவது அதன்படி நமக்குள்ள கடமை. வைத்தியர் அண்டை வீட்டிலிருக்க, நோயாளி வாசலிற் கிடப்பதா?

தாமதத்தின் விலையைப் போபால் காட்டுகின்றது. 1984இல் நச்சுவாயு கசிந்த அப்பூச்சிகொல்லித் தொழிற்சாலையில் எஞ்சிக் கிடந்த 337 தொன் கழிவை அகற்ற 2025 வரை சென்றது. அதற்குள் சுற்றுப்புறக் கிணறுகள் கெட்டன. குழாய்நீர் வழங்க நீதிமன்றம் கட்டளையிட வேண்டியதாயிற்று. மேலே கிடந்த கழிவை எரித்த பின்னரும் மண்ணும் நிலத்தடி நீரும் தூய்மையாகவில்லை.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, தோட்டந்தோறும் பழைய மருந்துக் கிடங்குகளையும் புதைகுழிகளையும் பதிவுசெய்து, அப்பட்டியலை மும்மொழியிலும் வெளியிட வேண்டும். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளைமாரும் மருந்தடித்த முதிய தொழிலாளருமே இதற்குச் சிறந்த சாட்சிகள். அவர்கள் மறையுமுன் கேட்டறிதல் அவசியம். இரண்டாவது, குழிகளுக்குக் கீழேயுள்ள பீலிகளையும் கிணறுகளையும் மாரியிலும் கோடையிலும் பரிசோதித்து, கெட்டதெனக் கண்ட இடத்தில் உடனே மாற்று நீர் வழங்க வேண்டும். மூன்றாவது, செறிந்த நஞ்சை அகழ்ந்து, தகுந்த கலங்களில் அடைத்து, உயர்வெப்ப உலையில் அழிக்க வேண்டும். புத்தளம் சீமெந்து உலையில் பி.சி.பி. எண்ணெய் முன்னரே வெற்றியுடன் எரித்துச் சோதிக்கப்பட்டுள்ளது. அகழ இயலாத மண்ணைக் களிமண்ணால் மூடி, மழைநீர் புகாமற் காக்கலாம். நான்காவது, செலவைத் தோட்டத்தை அனுபவிப்போரும் அரசாங்கமும் பகிர்ந்து ஏற்க வேண்டும். தொழிலாளியின் வேதனத்திற் கைவைக்கலாகாது.

எமது விவசாயப் பெருமக்களுக்கும் ஒரு கடமையுண்டு. எஞ்சிய மருந்தைப் புதைக்காதீர்; வெற்றுப் போத்தலை வாய்க்காலிற் கழுவாதீர். படித்தோரும் தம் ஆய்வுகளை ஆங்கில ஏடுகளில் மட்டும் உறங்கவிடாது, மக்கள் மொழியிற் கூறுவாராக.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மலைகளைப் பொன்னாக்கியவர்கள் கேட்பது பொன்னையன்று. ஒரு குவளை நல்ல தண்ணீரை. அதையும் கொடுக்க மறுக்குமா இந்நாடு?