கண்ணில்லாத பிராணிக்கு ஒரு வழக்கு

"குருட்டுப் பல்லிக்காக ஒரு தொழிற்சாலையை வைவதா?" என்று கேட்கிறார் நண்பர் ஒருவர். அவரும் கதை எழுதுகிறவர். அதனால்தான் எனக்குக் கோபம்.

முதலில், அது பல்லியே அல்ல, தவளைக்கு உறவு. ஸ்லோவீனியாவின் சுண்ணாம்புக் குகைகளில், சில்லென்ற நீரில் வாழும் சாலமாண்டர். ஓல்ம் என்று பெயர். மழை வெள்ளம் அதை வெளியே அடித்து வந்தபோது, டிராகன் குட்டி என்று ஊரார் நம்பினார்களாம். 1689-இல் வால்வஸோர் என்ற பிரபு இதை எழுதி வைத்தார்.

குஞ்சில் கண் உண்டு. வளர வளரத் தோல் மூடிக் கொள்கிறது. காரிருளில் கண் எதற்கு? மோப்பமும், நீரில் எழும் சிறு அதிர்வும் போதும். வருஷக் கணக்கில் பட்டினி கிடக்கும். நூறு வயசைத் தாண்டவும் கூடும் என்பது கணக்கு. இதையா பரிதாபத்துக்குரிய ஜந்து என்கிறார் நண்பர்!

முட்டையிடுவதோ பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம். இப்படி நிதானமாகப் பெருகும் ஜீவனை விஷம் தொட்டால் ஈடு செய்ய ஆள் ஏது? சுண்ணாம்புப் பாறை நீரை வடிகட்டாது. மேலே கொட்டியது கீழே வந்துவிடும். அந்த நாட்டில் மனிதர் குடிப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். அதை நண்பர் மறந்துவிட்டார்.

கிருப்பா ஊற்றில், மின் கண்டென்ஸர் செய்த தொழிற்சாலையின் பி.ஸி.பி. கழிவு கலந்திருப்பது 1983-இல் தெரிய வந்தது. பல வருஷம் கழித்துச் சோதித்த ஓல்ம்களின் உடம்பிலும் அது இருந்தது.