கல்வெட்டில் இடம்பெறாத பெயர்கள்

செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியன இன்றி எழுப்பப்பட்ட கோயில் என்று மண்டகப்பட்டுக் குடைவரைக் கல்வெட்டுப் பெருமிதத்தோடு மொழிகிறது. எடுப்பித்த மகேந்திரவர்ம பல்லவனின் விருதுப்பெயர் ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாக நிலைத்து நிற்கிறது. பாறையைக் குடைந்தோர் பெயர் அதில் இல்லை. அரசியல் புரட்சிகளின் வரலாறும் இவ்வாறே எழுதப்பட்டுள்ளது. அதில் விடுபட்டோருள் முதன்மையானோர் பெண்கள் என்பது என் துணிபு.

ஒரு சிலையின் கதையே இதற்குச் சான்று. 1857ஆம் ஆண்டுப் பேரெழுச்சியில், இளம் மகனை லக்னோ அரியணையில் அமர்த்தி, ஆட்சிப் பொறுப்பையும் போர்ப் பொறுப்பையும் ஏற்றவர் பேகம் ஹஜ்ரத் மஹல். கொடுமைக்குப் பெயர்பெற்ற ஆங்கிலத் தளபதி நீல், அவ்வாண்டு செப்டம்பரில் அந்நகருக்குள் நுழைந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டான். அவனுக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் ஆங்கிலேயர் சிலை நாட்டினர். எழுபது ஆண்டுகள் கழித்து, 1927இல், அச்சிலையை அகற்றக் கோரிய அறப்போரில் சிறுமியான தம் மகளுடன் சிறை புகுந்தவர் கடலூர் அஞ்சலையம்மாள். லக்னோவில் ஒரு முஸ்லிம் பெண் தொடங்கிய போரைத் தென்னார்க்காட்டுப் பெண்ணொருவர் தொடர்ந்தார் எனில் மிகையன்று. 1937இல் சிலை அகன்றது. அவ்வாண்டே அம்மையார் சட்டமன்றம் புகுந்தார்.

காந்தியடிகளைக் கடலூரில் சந்திக்க அரசு தடைவிதித்தபோது, அவர் பர்தா அணிந்து குதிரை வண்டியில் சென்று கண்டார் என்பர். அந்தப் பர்தாவை அளித்த கை எவருடையதாயினும், விடுதலையில் அதற்கும் பங்குண்டு.

ஆயின், போராட்ட நாளில் அழைக்கப்படும் பெண், ஆட்சி நாளில் மறக்கப்படுகிறாள். 1789 அக்டோபரில் உணவின்றி வாடிய பாரிஸ் நகரப் பெண்களே வெர்சேல்ஸ் அரண்மனைக்கு நடந்து சென்று மன்னனைத் தலைநகருக்கு வரச்செய்தனர். நான்கே ஆண்டுகளில் புரட்சி அரசு பெண்கள் சங்கங்களைத் தடைசெய்தது; 1944 வரை அவர்களுக்கு வாக்குரிமை கிட்டவில்லை. நம் நிலை என்ன? 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழகச் சட்டமன்றத்தின் 234 இடங்களுள் 12 இடங்களிலேயே பெண்கள் வென்றனர். 2023இல் நிறைவேறிய மகளிர் ஒதுக்கீட்டுத் திருத்தம் மூன்றில் ஒரு பங்கை உறுதியளிக்கிறது. இடம் ஒதுக்குவது சட்டத்தின் வேலை. அவ்விடத்தில் அமரத் தகுதியுடையாரை உருவாக்குவது இல்லத்தின் வேலை, கல்லூரியின் வேலை.

சமுதாயப் பெரியோரிடம் ஒரு விண்ணப்பம். பள்ளியிறுதியோடு மகளின் படிப்பை நிறுத்தும் வழக்கத்தை, ஹஜ்ரத் மஹலின் பெயரைப் பெருமையோடு உச்சரிக்கும் நாமே தொடரலாகாது. பெண்ணுக்கு அரசியல் புதிதன்று. அவளுக்கு அதை மறுப்பதே வரலாற்றுக்கு மாறானது.

மாணவ மாணவியரே! விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, உங்கள் தெருவின் மூதாட்டியரிடம் பேசுங்கள். அவர்தம் தாயர் கண்ட போராட்டங்களைக் கேட்டு, பெயரோடு எழுதி வையுங்கள். நாளைய வரலாறு என்னும் பாறையில் அப்பெயர்களும் பொறிக்கப்பட வேண்டும்.