எடை இயந்திரத்தின் நாணயம்

ரயில் மேடைகளில் இன்று அருகிவிட்ட எடை பார்க்கும் இயந்திரத்தை வாசகர்கள் அறிவார்கள். ஏறி நின்று காசு போட்டால் வண்ண விளக்குகள் மின்னும். எடையும் பலனும் அச்சிட்ட அட்டை விழும்.

இயந்திரம் காசின் எழுத்தைப் படிப்பதில்லை. அகலத்தையும் கனத்தையுமே சோதிக்கிறது. 1992-ஆம் ஆண்டின் எஃகு ரூபாய் 25 மில்லிமீட்டர் அகலம். 2011-இல் வந்ததோ ஏறத்தாழ 22. காசு மாறினால், அது நுழையும் வழியையும் திருத்தியமைக்க வேண்டும். தவறினால் காசு போகும், அட்டை வராது. ஒரு ரூபாய்தானே என்று விடுவது முறையன்று. கூலியாளின் ரூபாய்க்கும் கணக்கு உண்டு. நிலையத்துப் புகார்ப் புத்தகத்தில் எழுதுக.

நாணயம் என்பது காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். முன்னதைப் பெறும் இயந்திரத்தில் பின்னதும் இருக்கச் செய்வது பராமரிப்போர் கடமை என்றே நாம் கருதுகிறோம்.