இலை கசந்தால் விஷமில்லையா?

சென்ற மாதம் ஏனாத்தூரில் ஒரு தோழர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, வாசலின் இரு புறமும் சிறியாநங்கைச் செடி தழைத்திருப்பதைக் கண்டோம். "இது இருந்தால் பாம்பு அண்டாது அய்யா" என்றார். இவர் நம் கூட்டங்களுக்குத் தவறாமல் வருபவர். புரோகிதனில்லாமல் மகள் திருமணத்தை நடத்தியவர். கடவுளை விட்டவர் செடியை விடவில்லை!

மேலும் விசாரித்ததில், பாம்பு தீண்டியவனுக்கு இந்த இலையை மெல்லக் கொடுப்பார்கள் என்றும், கசந்தால் விஷமில்லை, கசக்காவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்று முடிவு செய்வார்கள் என்றும் சொன்னார். இந்தப் பரீட்சை உத்திரமேரூர்ப் பக்கத்து வழக்கம் மாத்திரமல்ல. தமிழ்நாட்டில் பல ஊர்களிலும் நடப்பதுதான்.

தோழர்களே! கசப்பு எங்கே இருக்கிறது? இலையில் இருக்கிறது. நிலவேம்பு என்றும் சொல்லப்படும் இந்தச் செடியிலுள்ள ஆண்ட்ரோகிராபோலைடு என்னும் பொருளே அந்தக் கசப்புக்குக் காரணம். அது பாம்பு கடித்தவன் வாயிலும் கசக்கும், பாம்பையே பாராதவன் வாயிலும் கசக்கும். சாவுப் பயத்தில் நாக்கு உலர்ந்து நடுங்குகிறவனிடம் ருசி கேட்டு, அவன் சொல்லும் பதிலை வைத்து அவன் உயிருக்கே தீர்ப்பெழுதுவது என்ன புத்தி?

இதனால் வரும் கேடு சாதாரணமானதல்ல. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், பாயில் படுத்துத் தூங்குகிறவனைக் கடிக்கிறது. கடிவாயில் வலியோ வீக்கமோ இல்லாமலே இருக்கலாம்; பல் பட்ட அடையாளம்கூடத் தெரியாமற் போகலாம். இலையைக் கொடுக்கிறார்கள்; கசக்கிறது; "பயமில்லை, படு" என்கிறார்கள். விடிவதற்குள் கண் இமை தொங்கி, பேச்சுக் குழறி, மூச்சு நின்றுவிடுகிறது. இவனைக் கொன்றது பாம்பு மட்டுந்தானா என்று கேட்கிறோம்.

"எத்தனையோ பேர் இந்த இலையில் பிழைத்திருக்கிறார்களே" என்பார்கள். பிழைத்திருப்பார்கள், யார் இல்லை என்றது? நம் நாட்டுப் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆளைக் கொல்லும் விஷமே கிடையாது. விஷப்பாம்பும்கூடச் சில சமயம் விஷத்தை இறக்காமலே கடித்துவிட்டுப் போகிறது. இப்படிக் கடிபட்டவனுக்கு இலை கொடுத்தாலும் பிழைப்பான், பனை ஓலையைக் கொடுத்தாலும் பிழைப்பான். பிழைத்தால் மூலிகையின் மகிமை. செத்தால் அவன் தலைவிதி! கோயில் பூசாரியின் கணக்கும் இதுதானே?

ஆஸ்பத்திரியிலும் ஒரு பரீட்சை உண்டு. கடிபட்டவன் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிஷம் ஆட்டாமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். உறையாமல் ஓடினால், விரியன் விஷம் ரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று தெரிந்து மருந்தேற்றுகிறார்கள். உறைந்துவிட்டாலும், இலைக்காரரைப் போல் "வீட்டுக்குப் போ" என்று சொல்லாமல், கட்டுவிரியனாகவோ நல்ல பாம்பாகவோ இருக்கலாமென்று ஒரு நாள் முழுதும் இமையையும் மூச்சையும் கவனிக்கிறார்கள். இதில் நம்பிக்கைக்கு என்ன வேலை? கண்ணுள்ள எவரும் பார்க்கலாம்.

உடனே சிலர், "சீமை மருந்துக்கு வக்காலத்தா? நம் மூலிகையைப் பழிப்பதா?" என்று கிளம்புவார்கள். மூலிகையின் மேல் நமக்கென்ன விரோதம்? சர்ப்பகந்தி என்ற வேரையும் பாம்புக் கடிக்கென்றும் சித்தப்பிரமைக்கென்றும் நெடுங்காலம் கொடுத்து வந்தார்கள். பரிசோதித்துப் பார்த்ததில் பாம்புக் கடி மருந்தென்ற பேர் நிற்கவில்லை. ரத்தக் கொதிப்பைத் தணிக்கும் குணம் நின்றது. பம்பாய் டாக்டர் ருஸ்தம் வகீல் 1949இல் அதை எழுதி உலகறியச் செய்தார். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். சிறியாநங்கைக்கும் வேறு குணமிருந்தால் சோதித்து நிரூபிக்கட்டும், நாமே முதலில் கை தட்டுவோம்.

அந்தச் 'சீமை மருந்து' எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978இல் ஏற்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கத்தார், நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, பானையில் வைத்து, விஷத்தைக் கறந்து, மறுபடி காட்டில் விட்டுவிடுகிறார்கள். அவ்விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மாற்று மருந்து எடுக்கிறார்கள். ஊருக்கு வெளியே தள்ளிவைத்த இருளரின் கையால்தான் இந்நாட்டார் பிழைக்கிறார்கள்! அவர்களில் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம்மவர்களோ வெள்ளிக்கிழமை தோறும் புற்றுக்குப் பாலும் முட்டையும் கொண்டுபோகிறார்கள். பாம்புக்குப் பால் ஆகாரமல்ல. பால் இல்லாத பிள்ளை அதே தெருவில் அழுகிறது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மிகப் பெரும்பாலோர் கிராமத்தார். முக்கால்வாசிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியே செத்தவர்கள். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி சீமையிலா இருக்கிறது? மருந்துக்கு அங்கே காசு கேட்பதில்லை. கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், கத்தியால் கீறாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108 வண்டியில் ஏற்றினால் போதும்.

திண்ணைப் பேச்சு முடியும் தறுவாயில் தோழரே ஒன்று சொன்னார். அந்தப் பக்கத்தில் இலை கொடுப்பதில் பேர் போன வைத்தியர் ஒருவரின் பேரனை இரண்டு வருஷத்துக்கு முன் கண்ணாடி விரியன் கடித்ததாம். வைத்தியர் தோட்டத்துப் பக்கம் போகவேயில்லை. நேரே வண்டிக்குத்தான் ஆளனுப்பினாராம். பையன் இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறான். வைத்தியர் இன்னும் மற்றவர் பிள்ளைகளுக்கு இலை கொடுத்துக்கொண்டிருக்கிறார்.