எத்தனை வாற் வேண்டும்?

கடந்த மாதம் ரொறன்ரோவிலிருந்து எனது பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சுகம் விசாரித்து முடிவதற்குள் விடயத்துக்கு வந்துவிட்டார். "மச்சான், ஒரு 500 வாற் பேஸ் அம்ப்ளிபயர் பாத்து வைச்சிருக்கிறன். நல்ல விலைக்கு வருது. எடுக்கட்டோ?"

நான் ஒரேயொரு கேள்விதான் கேட்டேன். "வருசத்தில எத்தினை தரம் வாசிக்கிறனி?"

அவர் கணக்குப் பார்த்தார். கோடைகாலத்தில் ஊர் ஒன்றுகூடல், மார்கழியில் தேவாலயத்துக் கரோல், இடையில் யாருக்காவது ஐம்பதாவது பிறந்தநாள். மூன்று அல்லது நான்கு தடவைகள். அவருடைய வீட்டு நிலவறையில் ஏற்கெனவே ஒரு பெரிய அம்ப்ளிபயர் இருப்பது எனக்குத் தெரியும். அங்கு சென்றிருந்தபோது பார்த்திருக்கிறேன். அதன் மேல் ஒரு மேசைவிரிப்பு, மேசைவிரிப்பின் மேல் பூச்சாடி. முதுகுவலிக்காரரான அவரால் அதை மாடிப்படி வழியாகத் தூக்கிவர இயலாது. அதனால் வாசிப்பதையே குறைத்துக்கொண்டார். வாசிப்பதற்காக வாங்கிய பொருளே வாசிப்பை நிறுத்திவைத்தது. இது அவருடைய கதை மட்டுமல்ல என்பதனாலேயே இதனை எழுதுகிறேன்.

1986 இல் யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஐந்து பேர் ஓர் இசைக்கோஷ்டி வைத்திருந்தோம். பொப்பிசைப் பாடல்களும் பைலாவும் எங்கள் முதலீடு. சொந்தமாக மெட்டமைத்த பாடல்கள் ஏழெட்டும் இருந்தன. மேற்சொன்ன நண்பர்தான் பேஸ் கிற்றார். வானொலி திருத்துபவர் ஒருவர் பலகைப்பெட்டிக்குள் கட்டித்தந்த அம்ப்ளிபயர் ஒன்றே எல்லோருக்கும் பொது. அதன் வலு எத்தனை வாற் என்று கட்டியவருக்கே தெரியாது. 1988 இல் நண்பர் கனடாவுக்குப் போய்விட, பேஸ் கிற்றார் எனது தோளுக்கு மாறியது. 1990 இல் மின்சாரமும் போனது. அதற்குப் பின்னர் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம். 6 வோல்ற், 3 வாற். அந்த மூன்று வாற்றில்தான் ஒரு குடாநாடே செய்தி கேட்டது. ஆகவே வாற் என்ற சொல்லைக் கேட்டு மயங்குகின்ற சுபாவம் எனக்கு வாய்க்கவில்லை.

ஆனால் நியாயமாகவும் பேசவேண்டும். பேஸ் கிற்றாருக்கு ஏனைய வாத்தியங்களைவிட அதிக வலு தேவைப்படுவது உண்மை. அதன் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் எழும் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 41 அதிர்வுகள். ஐந்து தந்திக் கிற்றாரில் அது 31 வரை இறங்கும். இவ்வளவு தாழ்ந்த ஒலியைக் கேட்கச்செய்ய ஸ்பீக்கர் கூடுதலான காற்றைத் தள்ளவேண்டும். போதாததற்கு, தாழ்ந்த சுருதிகளை மனிதக் காது இயல்பாகவே மந்தமாகத்தான் கேட்கிறது.

விற்பனையாளர்கள் சொல்லாமல் விடுவது இதன் மறுபக்கத்தை. வலுவை இரட்டிப்பாக்கினால் ஒலி இரட்டிப்பாவதில்லை. மூன்று டெசிபெல் மட்டுமே கூடுகின்றது. கூர்ந்து கேட்டால் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு ஏறத்தாழ இருமடங்காகக் கேட்கவேண்டுமாயின் வலு பத்து மடங்காக வேண்டும். அதாவது ஏனைய யாவும் சமமாக இருந்தால், 500 வாற் அம்ப்ளிபயர் 50 வாற் அம்ப்ளிபயரைவிடச் சுமார் இரண்டு மடங்கு சத்தமாகவே கேட்கும். பணமும் பாரமும் மட்டும் தாராளமாகக் கூடும்.

பெரிய அம்ப்ளிபயர் மீதான இந்த மோகம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1969 இல் அம்பெக் நிறுவனம் எஸ்.வி.ரி. என்ற அம்ப்ளிபயரை வெளியிட்டது. 300 வாற், 14 வால்வுகள். தலைப்பகுதி மட்டும் 40 கிலோ அளவில். எட்டு ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டி 60 கிலோவைத் தாண்டும். ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினர் அவ்வாண்டு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் அதன் முன்மாதிரிகளைப் பயன்படுத்தினர். மண்டபத்து ஒலிபெருக்கிகள் பேஸ் ஒலியைச் சுமக்கப் போதாதிருந்த காலம் அது. மேடையிலிருந்தே மண்டபம் முழுவதையும் நிரப்பவேண்டிய தேவை இருந்தது. இன்று ஸ்காபரோவிலோ ஹரோவிலோ மட்டக்களப்பிலோ ஒரு மண்டபத்தை எடுத்தால், அங்கு வாடகைக்கு வரும் ஒலிபெருக்கிச் செற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. அன்று தேவையாயிருந்தது இன்று அலங்காரம்.

அப்படியானால் இடையிடையே வாசிப்பவர் எதை வாங்கவேண்டும்? எனது அபிப்பிராயம் இதுதான்: எங்கே வாசிக்கிறீர்கள் என்பதை முதலில் தீர்மானியுங்கள்.

வீட்டில் மட்டும் என்றால் அம்ப்ளிபயரே வேண்டாம். கிற்றாரில் நேரடியாகச் செருகி, இரண்டு சிறிய பற்றரிகளில் இயங்கும் வொக்ஸ் அம்பிளக் போன்ற ஒன்றும் நல்லதொரு ஹெட்போனும் போதும். தொடர்மாடியில் குடியிருப்போருக்கு அயலவர் பகையும் மிச்சம்.

ஒரு சிறிய அறையில் பாடகரோடும் மிருதுவாக வாசிக்கும் தாளக்காரரோடும் பயிற்சி செய்வதாயின் 40 வாற், 10 அங்குல ஸ்பீக்கர் தாராளம். உதாரணமாக ஃபெண்டர் ரம்பிள் வரிசையில் அந்த அளவிலான அம்ப்ளிபயர் எட்டுக் கிலோ அளவுதான். ஒரு கையால் தூக்கலாம். ட்ரம் செற்றை அடித்து நொறுக்கும் இளைஞரோடு சேருவதாயின் 100 வாற்றிலிருந்து தொடங்குங்கள். பழையது கிடைத்தால் பழையதையே வாங்குங்கள். இத்தகைய பொருட்கள் பெரும்பாலும் மேசைவிரிப்பின் கீழ் இருந்தவையே, தேய்ந்திருக்காது.

மண்டபத்தில் வாசிப்பதாயின் அம்ப்ளிபயரைவிட முக்கியமானது டீ.ஐ. பெட்டி என்று அழைக்கப்படும் சிறிய சாதனம். கிற்றாரின் மெலிந்த மின்சைகையை, நீளமான வயரில் இரைச்சலின்றி ஓடக்கூடியதாக மாற்றி ஒலிக்கலப்பு மேசைக்கு அனுப்புவதே அதன் வேலை. உள்ளங்கைக்குள் அடங்கும். சில அம்ப்ளிபயர்களின் பின்புறத்திலேயே இந்த வசதி இருக்கும். வாங்குமுன் மூன்று துளை கொண்ட மைக் வயர் செருகும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

'அம்ப்ளிபயர் இல்லாமல் பேஸ் கிற்றாருக்கு உயிர் இராது' என்று வாதிடுவோர் உண்டு. டெற்றொயிற் நகரின் மோட்டவுன் கலையகத்தில் 1960களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ், பெரும்பாலும் அம்ப்ளிபயர் எதுவுமின்றி நேரடியாகக் கலப்பு மேசைக்கே போனது. தந்திகளையும் அவர் அறுந்தாலன்றி மாற்றுவதில்லை என்பார்கள். உலகம் முழுவதும் அந்த ஒலியைக் கேட்டு ஆடியது. உயிர் விரலில் இருந்தது.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். இரண்டும் எனது பணத்தில் நான் கற்றவை.

முதலாவது: சாதாரண கிற்றாருக்கான அம்ப்ளிபயரில் பேஸ் வாசிக்காதீர்கள். கொழும்பில் ஒரு கடைக்காரர், "இது ரெண்டுக்கும் நல்லது, சேர்" என்று சத்தியம் செய்து ஒன்றை என் தலையில் கட்டினார். மெதுவாக வாசித்தவரை பாதகமில்லை. ஒருநாள் கொஞ்சம் உயர்த்தினேன். ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு கிழிந்தது.

இரண்டாவது: கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் உறவினருக்கு அன்போடு கொண்டுவரும் மின்சாதனங்கள். அங்கு 120 வோல்ற், இங்கு 230. அப்படி வந்த ஒரு நல்ல அம்ப்ளிபயரை எனது வீட்டுச் சுவரில் நானே செருகினேன். ஒரு சத்தம், கொஞ்சம் புகை, பிறகு நீண்ட மௌனம். ஊருக்குக் கொடுக்க விரும்புவோர் பின்புறத்தில் எழுதியிருக்கும் வோல்ற் அளவை வாசியுங்கள். இல்லையேல் தகுந்த மின்மாற்றியையும் சேர்த்துக் கொடுங்கள். பிரித்தானியாவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வருபவற்றில் இந்தச் சிக்கல் இல்லை.

2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிப் போனதன் பின்னர், இங்கே ஒரு அம்ப்ளிபயர் எரிவது சிறிய விடயமல்ல. அது ஒருவரின் மாதச் சம்பளத்தையே விழுங்கிவிடும்.

இனி, நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 500 வாற்றுக்குச் செலவிட வைத்திருக்கும் பணத்தில் பாதியை ஒலிப்பதிவுக்கு ஒதுக்குங்கள்.

எங்கள் கோஷ்டியின் பாடல்கள் இரண்டு கசெற்றுகளில் இருந்தன. ஒன்று யாரிடமோ போய்த் திரும்பவில்லை. மற்றையது எங்கள் வீட்டில் இருந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்தபோது நாங்கள் எடுத்துச் சென்ற பையில் அரிசியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருந்தன. கசெற் இருக்கவில்லை. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கதவுகளும் இருக்கவில்லை. அந்தப் பாடல்கள் இன்று எந்த நாடாவிலும் இல்லை. ஐந்து பேரின் ஞாபகத்தில் மட்டும் உள்ளன. அந்த ஐவரில் ஒருவர் இப்போது இல்லை. பாடகர் எங்களில் மூத்தவர். எழுபதைத் தொடப் போகிறார். மேல்ஸ்தாயிக்குப் போகும்போது குரல் நடுங்குகிறது.

அன்று ஒலிப்பதிவு என்பது கலையகம், வாடகை, சிபாரிசு ஆகியவற்றுடன் சம்பந்தப்பட்டது. இன்று அது கைக்கடக்கமான ஒரு பெட்டி. கணினியில் யு.எஸ்.பி. வழியாகச் செருகும் ஒலி இடைமுகம் என்பது அதன் பெயர். ஃபோகஸ்ரைற் நிறுவனத்தின் ஸ்கார்லெற் சோலோ போன்ற ஒன்றில் பாடகரின் மைக்கையும் பேஸ் கிற்றாரையும் ஒரே நேரத்தில் செருகலாம்.  கணினியிலிருந்தே மின்சாரத்தைப் பெறுவதால் 120, 230 என்ற தொல்லையும் இல்லை. வாங்கும்போது, கிற்றாரை நேரே செருகும் வசதி உண்டா என்பதை மட்டும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மைக்குக்கான துளையில் கிற்றாரைச் செருகினால் ஒலி சப்பென்று இருக்கும்.

மென்பொருளுக்குச் செலவில்லை. ஓடாசிற்றி இலவசம். அப்பிள் கணினி வைத்திருப்போருக்குக் கராஜ்பான்ட் இருக்கிறது. பேஸ் கிற்றார் ஒரு தடத்துக்குரிய வாத்தியம், ஸ்ரீரியோ வேண்டாம். உயர்தரத்தில் பதிந்தாலும் நிமிடத்துக்கு எட்டு மெகாபைற் அளவுதான் வரும். நான்கு நிமிடப் பாடல் ஒன்று சுமார் 32 மெகாபைற். மின்னஞ்சலில் ஏறாவிட்டாலும் வேறு எத்தனையோ வழிகளில் ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் சில நிமிடங்களில் அனுப்பிவிடலாம்.

பதிவின்போது சத்தம் சற்றுத் தாமதித்துக் காதில் விழுவதாகப் பலர் குறைப்படுவர். இடைமுகத்தில் நேரடியாகக் கேட்பதற்கான பொத்தான் ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் தாமதம் போய்விடும். இன்னொன்று, கணினியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டுப் பேஸ் ஒலியை எடைபோடாதீர்கள். 41 அதிர்வுகளை அதனால் எழுப்ப இயலாது. 'கேட்கவில்லை' என்று கூட்டிக்கூட்டி, கடைசியில் பாட்டையே கெடுத்துவிடுவீர்கள். காதை முழுமையாக மூடும் ஹெட்போன் ஒன்றுக்குச் செலவிடும் பணம் வீணாகாது. மைக் வாங்குவதாயின் ஷூர் எஸ்.எம்.58 நம்பகமானது. ஆனால் அதன் போலிகள் உலகம் முழுவதும் உலாவுவதால், விலை மிகவும் இனிப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இவையெல்லாம் சேர்ந்தும் நண்பர் பார்த்து வைத்திருந்த அம்ப்ளிபயரின் விலைக்குக் கிட்டவும் வரவில்லை. அதை அவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "பெரிய அம்ப் இருந்தா ஒரு இது தானே மச்சான்" என்றார். அந்த 'இது' என்ன என்பது எனக்கும் தெரியும். வானொலிக்காரரின் பலகைப்பெட்டியைப் பார்த்துச் சிரித்தவர்கள் முன்னால் ஒருநாள் பெரியதாக நிற்கவேண்டும் என்ற பதினேழு வயது ஆசை. அதைப் பழிக்க நான் யார்? ஆனால் அந்த ஆசைக்கு இப்போது வயது ஐம்பத்தாறு. பாடகரின் குரலுக்கு எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறதென்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பாடகரின் வீட்டு முன்விறாந்தையில், ஒரு மடிக்கணினியையும் ஒரு மைக்கையும் வைத்து இரண்டு பாடல்களைப் பதிந்தேன். பின்னணியில் காகமும் ஐஸ்கிறீம் வானும் கேட்கின்றன. அவற்றை நீக்கப் போவதில்லை. பேஸ் தடம் மட்டும் வெறுமையாக இருக்கின்றது. நான் வாசித்திருக்கலாம். ஆனால் அந்தத் தடம் அவருக்குரியது.

பாடல்களை அனுப்பிவைத்தேன். நண்பர் 500 வாற் அம்ப்ளிபயரை இன்னமும் வாங்கவில்லை. நிலவறையில் இருந்ததை விற்பனைக்குப் போட்டிருப்பதாகவும், சின்னப் பெட்டி ஒன்றுக்குச் சொல்லியிருப்பதாகவும் நேற்றுக் குறுஞ்செய்தி வந்தது. பூச்சாடியை எங்கே வைப்பது என்று அவரது மனைவி கேட்கிறாராம்.