ஒரு முழம் ரப்பர்

சேலத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டில் ஒரே ஒரு லாரி. அதுவும் பழைய லாரி. கணவரே ஓனர், கணவரே டிரைவர். டீசல், டயர், சுங்கம், கிளீனர் படி எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதி வைப்பவர் இந்த அம்மாள்தான். போன ஐப்பசியில் இரண்டு தடவை வைப்பர் பிளேடு வாங்கியதாகக் கணக்குப் புத்தகம் சொல்கிறது. அப்படியும் ராத்திரி மழையில் எதிரே வருவது ஒன்றும் தெரிவதில்லையாம். விளக்கு வெளிச்சம் கண்ணாடி முழுவதும் பரவி விடுகிறதாம். மழை பெய்கிற ராத்திரிகளில் இங்கே வீட்டில் இந்த அம்மாள் தூங்குவதில்லை. நன்றாகத் துடைக்கிற பிளேடு எது, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்கிறார்.

லாரி சமாசாரத்துக்குப் பெண்கள் படிக்கிற பக்கத்தில் என்ன வேலை என்று யாராவது முகம் சுளித்தால் அவர்களிடம் ஒரு விஷயம் சொல்லி வையுங்கள். வைப்பருக்கு முதன்முதலில் பேட்டண்ட் வாங்கியவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி. அமெரிக்காவில் அலபாமா மாகாணத்தைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்பவர். நியூயார்க் நகரத்துக்குப் பனிக்காலத்தில் போனவர் டிராம் வண்டியில் ஏறினார். கண்ணாடியில் பனி படிந்து வழி தெரியாததால் டிராம் ஓட்டுகிறவர் முன் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, குளிரில் விறைத்தபடி ஓட்டினாராம். உள்ளே உட்கார்ந்தபடியே கண்ணாடியைத் துடைக்க வழியில்லையா என்று அந்த அம்மாளுக்குத் தோன்றியது. 1903-ஆம் வருஷம் நவம்பர் மாதம் பேட்டண்ட் கிடைத்தது. 1905-இல் கனடா தேசத்துக் கம்பெனி ஒன்றுக்கு எழுதிக் கேட்டதற்கு, இதை விற்றுக் காசு பார்க்க முடியாது என்று பதில் வந்தது! 1920-இல் பேட்டண்டின் ஆயுளும் முடிந்தது. உலகத்து மோட்டார் வண்டிகள் எல்லாம் வைப்பர் மாட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான். அந்த அம்மாளுக்கு ஒரு காசு கிடைக்கவில்லை.

அவர் செய்த கருவியில் என்ன இருந்தது? ஒரு ரப்பர் பட்டை. அதைப் பிடித்துக் கண்ணாடியில் அழுத்துகிற ஒரு கை. கைக்கு எதிரே ஒரு கண்ணாடி. மோட்டார் கிடையாது, உள்ளே இருக்கும் பிடியைக் கையால் ஆட்ட வேண்டும். நூற்றிருபது வருஷத்துக்குப் பிறகும் சங்கதி இந்த மூன்றுதான். நம் சேலத்துச் சகோதரியின் வீட்டில் இரண்டு தடவை மாற்றியது ரப்பரை மட்டும். கையையும் கண்ணாடியையும் ஒருவரும் திரும்பிப் பார்த்ததாகக் கடிதத்தில் தெரியவில்லை.

ஆனாலும் ரப்பரிலிருந்தே ஆரம்பிப்போம், கேட்டது அதைத்தானே. குக்கர் மூடியில் போடுகிற வளையத்தை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். புதிதில் குழந்தையின் காது மடல் மாதிரி இருக்கும். நாள்பட்டால் விறைத்து, விசில் வராமல் ஓரத்தில் ஆவி சீறும். வைப்பர் ரப்பரும் அந்த ஜாதிதான். அதன் அடி விளிம்பு மெல்லிய உதடு போல இருக்கும். பிளேடு இடப்பக்கம் போகும்போது உதடு வலப்பக்கமாகச் சாய்ந்து பின்னால் இழுபட வேண்டும். திரும்புகிற இடத்தில் சட்டென்று மறுபக்கம் மடிய வேண்டும். ஒவ்வொரு வீச்சுக்கும் இந்த மடிப்பு நடந்தால்தான் தண்ணீர் சுத்தமாக வழிக்கப்படும். ரப்பர் விறைத்துப் போனால் உதடு ஒரே பக்கமாகச் சாய்ந்தபடி நின்றுவிடும். அப்போது ஒரு வீச்சு துடைக்கும், மறு வீச்சு தடதடவென்று குதித்துக்கொண்டு தண்ணீரைப் பூசிவிட்டுப் போகும்.

ரப்பரை இப்படி விறைக்க வைப்பது மழை அல்ல, வெயில். நம் ஊரில் வைப்பர் உழைக்கிற நாட்கள் கொஞ்சம். மற்ற நாளெல்லாம் சூடான கண்ணாடியின் மேல் அசையாமல் படுத்துக் காய்கிறது. சித்திரையிலும் வைகாசியிலும் வறுபட்ட ரப்பர் ஐப்பசியில் துடைக்காது. ஆகையால் “போன தீபாவளிக்குத்தானே மாற்றினோம், அதிகம் ஓடவே இல்லையே” என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஓடாமல் இருந்தாலும் கெட்டுப் போகிற பண்டம் அது.

எனவே எப்போது வாங்குவது என்பது எதை வாங்குவது என்பதற்குச் சமமான விஷயம். ஆயுத பூஜைக்கு லாரியைக் கழுவுவார்கள் அல்லவா, அதற்கு முந்தின வாரம் வாங்குங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மாதம் மூன்றாவது வாரத்தை ஒட்டித்தான் வழக்கமாக ஆரம்பிக்கும், சரியாக இருக்கும். ஆனால் லாரி பாலக்காடு தாண்டிக் கேரளத்துக்கோ, மும்பை பக்கமோ போகிறதென்றால் இந்தக் கணக்கு உதவாது. அங்கே ஜூன் மாதமே கொட்டத் தொடங்கிவிடும். வைகாசியிலேயே மாற்ற வேண்டும். சிக்கனக்காரர்களுக்கு ஒரு யோசனை: கழற்றிய பழைய ஜோடி கிழியாமல் இருந்தால் துடைத்து நிழலில் எடுத்து வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் புதியதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டுப் பழையதைக் கோடைக்கு மாட்டிக்கொள்ளலாம். பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டா அடுப்பு மெழுகுவோம்?

கடைக்குப் போவோம். ஸ்பேர் பார்ட்ஸ் கடைப் பையன் முதலில் எடுத்து நீட்டுவது சட்டமில்லாத புது மாதிரி வைப்பராக இருக்கும். வழவழவென்று ஒரே பட்டையாக, பார்க்க மிக அழகாக இருக்கும், விலையும் அதிகம். அதற்குள்ளே வில் போல வளைந்த எஃகுத் தகடு ஒன்று ஒளிந்திருக்கிறது. இந்தக் காலத்துக் கார்களின் வளைந்த கண்ணாடிக்கென்று பிறந்தது அது. நம் பழைய லாரியின் கண்ணாடி அப்படிப்பட்டதா? நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைகளில் பாடி கட்டிய எத்தனையோ பழைய லாரிகளுக்கு முன்பக்கம் இரண்டு துண்டாகத் தட்டைக் கண்ணாடிதான். தட்டைக் கண்ணாடியின் மேல் வளைந்த தகட்டை வைத்தால், கையில் நல்ல அழுத்தம் இல்லாத பட்சத்தில் இரண்டு முனையும் அழுந்தும், நடு வயிறு சரியாகப் படியாது. டிரைவர் பார்க்கிற இடம் அந்த நடு வயிறுதான்!

பழைய லாரிக்கு நான் சொல்வது பழைய மாதிரி, உலோகச் சட்டம் உள்ள பிளேடுதான். மேலே ஒரு பெரிய வில். அதன் இரு முனையில் இரண்டு சின்ன வில். அவை ரப்பரைப் பல இடத்தில் கவ்விப் பிடித்திருக்கும். தராசுத் தட்டுகள் தமக்குள்ளே சமன் செய்துகொள்வது போல, கையின் அழுத்தத்தை இந்த விற்கள் எல்லா இடத்துக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். கடையிலேயே சட்டத்தின் மூட்டுகளை ஆட்டிப் பாருங்கள். தாராளமாக அசைய வேண்டும். ஆனால் லொடலொட என்று ஆடக் கூடாது. பிறகு ரப்பரின் உதட்டை நகத்தால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளிப் பாருங்கள். தள்ளிய பக்கம் மடிந்து, விட்டதும் நிமிர வேண்டும். கடை வாசலில் வெயில் படத் தோரணம் கட்டியிருக்கிறார்களே, அதில் ஒன்றை மட்டும் வாங்காதீர்கள். பெட்டிக்குள்ளிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

சிலிகோன் ரப்பர் என்று ஒன்று வருகிறது. வெயிலை அது நன்றாகத் தாங்கும், விலை கூட. லாரி நாள் முழுவதும் வெயிலில் நிற்பதானால் அந்தக் கூடுதல் காசு வீண் இல்லை. நிழலில் நிற்கிற லாரிக்கு, வருஷா வருஷம் சாதா ரப்பர் மாற்றுவதே போதும் என்பது என் அபிப்பிராயம்.

அளவு விஷயத்தில் பழைய பிளேடை நம்ப வேண்டாம். முன்னே மாட்டியவர் அன்றைக்குக் கடையில் கிடைத்ததை மாட்டியிருப்பார். செய்தித்தாளில் ஒரு பட்டை வெட்டி, கை போய் வருகிற இடத்தில் கண்ணாடியின் மேல் வைத்துப் பார்த்து அளவெடுங்கள். ரவிக்கைக்கு அளவெடுக்கத் தெரிந்தவர்களுக்கு இது பிரமாதமில்லை. கீழே கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரில் இடிக்கக் கூடாது, பக்கத்துப் பிளேடோடு மோதக் கூடாது. ஒரு முழம், அதாவது 18 அங்குலம் போதுமென்றால் 20 அங்குலம் வாங்காதீர்கள். கையில் இருக்கிற ஸ்பிரிங் ஒன்றுதான். அதே அழுத்தம் நீளமான ரப்பரில் பரவினால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் பங்கு குறைந்துவிடும். கையின் முனை கொக்கி மாதிரியா, வேறு மாதிரியா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். செல்போனில் ஒரு படம் பிடித்துக்கொண்டு போனால் கடைக்காரரோடு வாதாட வேண்டியதில்லை.

இனி அந்தக் கை. பழைய லாரியில் பெரும்பாலும் குற்றவாளி இவர்தான், பழி மட்டும் பிளேடின் மேல். வருஷக்கணக்காக மழையிலும் வெயிலிலும் கிடந்து ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். மடங்குகிற மூட்டு துருப்பிடித்து இறுகியிருக்கும். கண்ணாடியின் மேல் மடித்த துணியைப் போட்டுக்கொண்டு, பிளேடை நாலு விரற்கடை தூக்கி விட்டுப் பாருங்கள். ‘டப்’பென்று வந்து உட்கார வேண்டும். சோம்பேறி மாதிரி மெள்ள இறங்கினால் புது பிளேடு ஆயிரம் மாட்டினாலும் பயனில்லை. கையையே மாற்ற வேண்டும். இன்னொன்று, பிளேடு கண்ணாடியின் மேல் நேர் செங்குத்தாக நிற்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். கை சற்றே முறுக்கிக்கொண்டிருந்தாலும் புது ரப்பர்கூட ஒரு திசையில் தடதடக்கும். மெக்கானிக் பதமாக முறுக்கி நேராக்கி விடுவார். வைப்பரே நொண்டி நொண்டிப் போனால் அது கையும் அல்ல பிளேடும் அல்ல. மோட்டாருக்குப் போகும் ஒயரையும், உள்ளே தேய்ந்த புஷ்களையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, கண்ணாடி. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கண்ணாடி டம்ளரைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். துலக்கிய டம்ளரில் மெல்லிய படலமாக வழியும். லாரிக் கண்ணாடியில் ஏறுவதும் அதே பிசுக்குத்தான்: முன்னே போகிற வண்டிகளின் டீசல் புகை, ரோட்டுத் தூசி, சர்வீஸ் ஸ்டேஷனில் பளபளப்புக்காகத் தடவுகிற பாலிஷ். முதல் மழையில் இவையெல்லாம் கரைந்து சேறாகும். எதிரே வருகிற விளக்கின் வெளிச்சம் கண்ணாடி முழுவதும் பரவுவதாக நம் சகோதரி எழுதியிருக்கிறாரே, எனக்குச் சந்தேகம் இதன் மேல்தான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற லாரி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடுகிறது. வைப்பரின் ஒரு வீச்சு பிசுக்கைப் பூசிவிட்டுப் போனால், அடுத்த வீச்சு வரும் வரை அவ்வளவு தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிற மாதிரி.

பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பைத் தண்ணீரில் கலந்து, சுத்தமான துணியால் கண்ணாடியைத் தேய்த்து நன்றாக அலம்பினால் போதும். பொடி வேண்டாம், கீறும். உட்புறத்தையும் துடையுங்கள், பீடிப் புகையும் ஊதுவத்திப் புகையும் அங்கே படிந்திருக்கும். அதே ஈரத் துணியால் ரப்பரின் உதட்டையும் ஒரு தடவை வழித்துவிடுங்கள். துணியில் மை போல் கறுப்பு வரும், பயப்பட வேண்டாம். மண்ணெண்ணெயையோ டீசலையோ ரப்பர் பக்கம் கொண்டுபோகவே கூடாது. கிளீனர் பையன்கள் எதைத் துடைப்பதானாலும் முதலில் எடுப்பது அதைத்தான்; அது ரப்பரை உப்ப வைத்துக் கெடுத்துவிடும்.

வைப்பர் கெட்ட இடத்தில் புகையிலைத் தூளையோ வெட்டிய உருளைக்கிழங்கையோ கண்ணாடியில் தேய்க்கிற வழக்கம் பழைய டிரைவர்களிடம் உண்டு. தண்ணீர் முத்தாக நிற்காமல் படலமாக வழிவதற்கான உபாயம் அது. அடுத்த ஊர் மெக்கானிக் வரை போய்ச் சேர உதவலாம், அதற்கு மேல் நம்பக் கூடாது.

ஆயுத பூஜையைச் சொன்னேனே, அதில் ஒரு வேண்டுகோள். சந்தனத்தையும் குங்குமத்தையும் கண்ணாடியின் மேல் விளிம்பில், வைப்பர் எட்டாத இடத்தில் இடச் சொல்லுங்கள். வைப்பர் போகிற பாதையில் இட்டால் அது காய்ந்து மணல் மாதிரி ஆகி, புது ரப்பரின் உதட்டில் ஒட்டிக்கொண்டு கண்ணாடியில் வில் வில்லாகக் கீறல் போடும். ஏற்கெனவே கீறல் விழுந்து, நகம் தட்டுப்படுகிற ஆழத்துக்குப் போயிருந்தால் எந்தப் பிளேடும் அதைச் சரிசெய்யாது. கண்ணாடியை மாற்றுவதற்குத்தான் பணம் ஒதுக்க வேண்டும். தட்டைக் கண்ணாடி என்பதால் வளைந்த கண்ணாடியைப் போல் விலை பயமுறுத்தாது.

எல்லாம் மாட்டியானதும், கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் இருட்டின பிறகு, லாரியை நிறுத்தி எதிரே ஒரு விளக்கை வைத்து, கண்ணாடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வைப்பரை ஓடவிடுங்கள். நீங்களே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். மெல்லிய கோடு ஒன்றிரண்டு விழுந்தால் ரப்பரில் மண் துகள் இருக்கிறது, வழித்துவிட்டால் போய்விடும். ஒரு பட்டை எப்போதும் அதே இடத்தில் துடைபடாமல் நின்றால் சட்டம் வளைந்திருக்கிறது. கடையில் கொடுத்து மாற்றுங்கள். மொத்தமும் ஒரு கணம் பனி மூடினாற்போல் இருந்து பிறகு தெளிந்தால் பிசுக்கு இன்னும் போகவில்லை, மறுபடி சோப்புதான். கிளீனர் பக்கத்து வைப்பரையும் இதேபோல் பாருங்கள். இடப்பக்கம் சைக்கிளில் போகிறவர் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் தெரிவார்.